ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்த நாட்கள்

சாவியைத் திருப்பினேன். குளிர்காய்ச்சல் வந்தவனுக்குப் பல் அடிப்பதுபோல 'கட கட கட' என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். பின் சீட்டில் என் கணவர் சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தபடி சாய்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பம்பாய்ச் செம்பூரில் எங்கள் கட்டடத்து வாசலில், வாதுமை மரத்தடியில், பதினாறு வருடத்துப் பழைய பெட்ரோல் கார் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அசையாமல் நின்றது.

மறுபடி திருப்பினேன். கட கட கட. அவருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும் மனுஷன் பாடம் நடத்தினார். "கிளட்ச்ச நல்லா மிதிட்டி. ஃபேன ஆஃப் பண்ணு." மிதித்தேன், ஆஃப் பண்ணினேன். மூன்றாவது தடவை அந்தச் சத்தம்கூட வரவில்லை. முன்னால் எரிந்த சிவப்பு விளக்குகள் மங்கி அணைந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி "ஐயோ ஐயோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

பிறகு தெருமுனைக்கு ஓடினேன். இரண்டு ஆட்டோக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஆளின் வண்டிக்குக் குறுக்கே விழாத குறையாக நின்றேன். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, "நல்ல வேளை. இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தால்..." என்றார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான்தான் அதற்குப் பிறகு தினமும் முடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். மாத்திரையை விடக் கூடாது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மறுபடி வலி வந்தால் நாக்குக்கு அடியில் இந்த மாத்திரையை வைத்து உடனே கொண்டுவர வேண்டும். என் காதில் விழுந்தது கடைசி ஒன்றுதான். உடனே கொண்டுவர வேண்டும் என்றால் கார் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

அடுத்த நாளே தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பேட்டரி கயா, மேடம்" என்றான், பேட்டரி போய்விட்டதாம். புதுப் பேட்டரி போட்டோம். சாவியைத் தொட்டதும் வண்டி சீறிக்கொண்டு எழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஆரம்பித்தது. காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கீழே போகும்போது சாவியையும் எடுத்துப்போவேன். காரில் ஏறி ஸ்டார்ட் செய்வேன். ஹெட்லைட் எரிகிறதா, வைப்பர் அசைகிறதா, ஹார்ன் அடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஒரு நிமிடம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆஃப் செய்துவிட்டுப் பாலோடு மேலே வருவேன். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது சந்தேகம் வந்துவிடும். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும், படியேறுவதற்கு முன்னால் இன்னொரு தடவை. சாயங்காலம் குப்பை போடப் போகும் சாக்கில் இன்னொரு தடவை. ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடியில் உயிர் போய் உயிர் வரும்.

ஆனால் வண்டியை ஓட்டவில்லை. இதைச் செம்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்துக்குள் கார் நிறுத்த இடம் கிடையாது. தெருவில்தான் நிறுத்த வேண்டும். வாசலுக்கு நேர் எதிரே மரத்தடியில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம். அது எங்களுக்குக் கிடைத்திருந்தது. வண்டியை எடுத்தால் பத்து நிமிடத்தில் அந்த இடம் போய்விடும். உடைந்த பூந்தொட்டி, செங்கல், பிளாஸ்டிக் நாற்காலி எதை வைத்துவிட்டுப் போனாலும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு எவனாவது நிறுத்தியிருப்பான். அப்புறம் நாம் மூன்று தெரு தள்ளித்தான் நிறுத்த வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனுஷனை மூன்று தெரு நடத்திக்கொண்டு போக முடியுமா? அதனால் வண்டி மரத்தடியிலேயே நின்றது. இலையும் புறா எச்சமும் விழுந்து விழுந்து கூரை நிறம் மாறிப்போனது. நான் பஸ்ஸிலும் நடந்தும் போய்வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் சாவியைத் திருப்பினேன். கட கட கட.

பால் பாக்கெட் மடியில் இருந்தது. அது நழுவிக் காலடியில் விழுந்து உடைந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. மேலே அவர் காப்பிக்காகக் காத்திருக்கிறார். இப்போது அவருக்கு வலி வந்தால் என்ன செய்வேன் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. அந்தப் பால் நாற்றம் காரைவிட்டுப் போக ஒரு மாதம் ஆனது.

தெருமுனை மெக்கானிக் பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, வாஸ்லின் தடவினான். வேறு வண்டியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தான். மூன்று வாரம் ஓடியது, அதாவது நின்றது. மறுபடி கட கட கட. வேறொரு மெக்கானிக் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்ப் புதுப்பித்தான். ஒரு மாதம். மறுபடி. இன்னொருவன் பிளக்கை மாற்றினான், பெட்ரோல் பம்ப் என்றான், கடைசியில் "பழைய வண்டி மேடம், வித்துடுங்க" என்றான். சும்மா சொல்லக் கூடாது, அவனைக் கண்டபடி திட்டிவிட்டேன். பழசானால் விற்றுவிடலாம் என்று என்னிடம் யாரும் சொல்லக் கூடாத நேரம் அது. என் நாத்தனார் ஃபோனில், "கண்ணு பட்டிருக்கும் மதினி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டு" என்றாள். கட்டினேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சனிக்கிழமைதோறும் மறக்காமல் மாற்றினேன்.

என் கணவர் இதையெல்லாம் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஷிப்பிங் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரத் தெரியாதவரை நான் உட்காரவைத்திருந்தேன். "ஏட்டி, காருக்கு ஈசிஜி எடுத்தாச்சா?" என்று மேலிருந்தே கேட்பார். தெருவே சிரிக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

அவரையும் நான் விட்டுவைக்கவில்லை. பிரஷர் பார்க்கும் மிஷின் வாங்கியிருந்தேன். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை, பாத்ரூமிலிருந்து வர நேரமானால் ஒரு தடவை. நடுவில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பேன். அவர் வாக்கிங் போகிறேன் என்று செருப்பை மாட்டினால், "தனியாவா? அங்கன எங்கயாவது விழுந்தா யாருக்குத் தெரியும்? நாளைக்கு நானும் வாறேன்" என்பேன். அந்த நாளை வரவே வராது. "நீ மிஷின எடுத்தாலே எனக்கு பிரஷர் ஏறுதுட்டி" என்பார். அது வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

தாராவியில் என் அண்ணன் தோல் பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறான். நான் ஃபோனில் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "எங்க லேன்ல ஒரு பாய் இருக்காரு. தென்காசிப் பக்கத்துக்காரர். வண்டியில கரண்ட் வேலை மட்டும்தான் பாப்பாரு. கொண்டுட்டு வா" என்றான்.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்துகொண்டு கிளம்பினேன். வழியில் நிறுத்தாதே, நிறுத்தினால் மறுபடி எடுக்காது என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான். பம்பாயில் வழியில் நிறுத்தாமல் யாரால் போக முடியும்? சயான் பாலம் மூடியிருந்ததால் கிங்ஸ் சர்க்கிள் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் உறுமவிட்டுக்கொண்டே நின்றேன். பக்கத்து வண்டிக்காரர்கள் முறைத்தார்கள். கிங்ஸ் சர்க்கிளில் பச்சை விழுந்ததும் பதற்றத்தில் கிளட்சைப் பட்டென்று விட்டேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது.

கட கட கட. பின்னால் அத்தனை ஹார்னும் ஒரே நேரத்தில். பக்கத்து வீட்டு அம்மாள் குளிக்கப் போயிருந்தால்? அவர் கூப்பிட்டு யாருக்கும் கேட்காவிட்டால்? நான் இங்கே நடுரோட்டில். ஹோட்டல் வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் டம்ளரை வைத்துவிட்டு வந்தார்கள். ஒருவர் ஜன்னலில் குனிந்து, "பயப்படாதேங்கோ மாமி. செகண்ட் கியர்ல வெச்சுக்கோங்கோ, கிளட்ச்ச அமுக்கிக்கோங்கோ. நாங்க தள்றோம், சொன்னப்புறம் விடுங்கோ" என்றார். தள்ளினார்கள். "விடுங்கோ!" விட்டேன். உதறிக்கொண்டு எழுந்தது. அவர்களுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. நிறுத்தினால்தானே சொல்வதற்கு.

பாயின் கடை இரண்டு ஆள் அகலம்தான் இருக்கும். வண்டி ரோட்டில் நின்றது. அவருக்கு அறுபது வயது இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது மீட்டரை வைத்துப் பார்த்தார். அணைத்துவிட்டுப் பார்த்தார். ஒரு வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கொடுத்து, பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் மாற்றவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எனக்கு டீ சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ம்மா, சார்ஜ் ஏறுது. எங்கயும் லீக் இல்ல. ஸ்டார்ட்டரு புதுசு. வண்டியில ஒரு கொறையும் இல்ல. இப்பம் நீங்க சொல்லுங்க, நீங்க இத என்ன பண்ணுதீய?"

"நானா? ஒண்ணும் பண்ணல பாய். ரொம்பப் பத்திரமா வச்சிருக்கேன். தெனமும் ஸ்டார்ட் போட்டுப் பாக்கேன்."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு நிமிசம். காலைல, மத்தியானம், சாயங்காலம். லைட்டு, வைப்பரு, ஹார்னு எல்லாம் பாத்துருவேன்."

"ஓட்ட மாட்டீயளா?"

"ஓட்டுனா எடம் போயிருமே."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இங்கன காலைல ஒரு மணி நேரந்தான் தண்ணி வருது. கொடத்துல பிடிச்சு வைக்கோம். தண்ணி இருக்கான்னு பாக்கதுக்கு ஒவ்வொரு வாட்டியும் ஒரு செம்பு மொண்டு கீழ ஊத்துனா சாயங்காலம் கொடத்துல என்ன இருக்கும்?" என்றார்.

டீ கையிலேயே ஆறியது.

"ஸ்டார்ட் பண்ணுததுக்குத்தாம்மா பேட்டரிக்கு ரொம்பச் செலவு. அத திரும்ப ஏத்தணும்னா முக்கா மணி நேரம் ஓடணும். நீங்க எடுத்துக்கிட்டே இருக்கீய, ஏறவே விடல. வண்டிய நீங்க பாக்கதுதான் வண்டிக்குக் கேடு."

எதற்காக அப்படிப் பார்க்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை முதன்முதலாக முழுதாக ஒருவரிடம் சொன்னது அந்தக் கடையில்தான். கேட்டுவிட்டு, "பயம் இருக்கத்தான் செய்யும். பயந்துக்கிட்டே ஓட்டுங்க. அவுகளையும் கூட்டிட்டுப் போங்க" என்றார். பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜில் போட்டு மறுநாள் கொடுத்தார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் வயிறு குலுங்கச் சிரிப்பார் என்று தயாராக இருந்தேன். அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் அந்த மரத்தடியிலதான நிறுத்தி வச்சிருக்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்காக நாயா அலையுதேன், உங்களுக்குக் கேலியா இருக்கு" என்று கத்திவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதேன். அவர் சொன்னது சரி என்பதுதான் அந்த அழுகைக்குக் காரணம் என்று அன்றைக்கே தெரியும். ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்க்கும்போதே மரத்தடியில் ஒரு வெள்ளை வேன் நுழைந்தது. தேவ்நார் பக்கம் போய்ச் சுற்றிவந்து, மைதானத்துச் சுவர் ஓரமாக நிறுத்தினோம். அங்கிருந்து வீட்டுக்கு மூன்று தெரு. அவர் நடந்தார். நான் பக்கத்திலேயே, எங்கே விழுவாரோ என்று கையை அரைகுறையாக நீட்டியபடி நடந்தேன். தினமும் இப்படியே நடந்தது. ஐந்து வாரமாகியும் கார் ஒரு தடவைகூடச் சண்டித்தனம் பண்ணவில்லை. நாளுக்கு மூன்று தடவை ஸ்டார்ட் செய்வதை விட்டுவிட்டேன். ஆனால் சாவியை அவர் கையில் கொடுக்கவில்லை. அவர் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நான் சொல்லவில்லை. பிரஷர் மிஷினும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அக்டோபர் வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். முந்தின நாள் அதிர்ஷ்டவசமாக மரத்தடி இடம் மறுபடி கிடைத்து, கார் அங்கேதான் நின்றது. அன்று காலை பள்ளிக்கூடத்தில் வேலை இருந்ததால் வண்டியை எடுக்கவில்லை. இரண்டு மணிக்குத் திரும்பி வருகிறேன், மரத்தடி காலி. இலைகள் விழாத நீள்சதுரம் ஒன்று தரையில் தெரிந்தது.

திருட்டு என்று நினைத்தேன். படியேறி ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. திறந்தால் வீட்டில் அவர் இல்லை. சாவி மாட்டும் ஆணியில் காரின் சாவி இல்லை. அவர் நம்பருக்கு ஃபோன் போட்டேன். அடுக்களையில், பிரஷர் மிஷினுக்குப் பக்கத்தில், சார்ஜில் கிடந்து அது அடித்தது. அதற்கு அந்தப் பக்கம் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அட்டை. அதையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

வலி வந்து, யாரும் இல்லாமல், தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரா? வலி வந்தவர் கதவைப் பூட்டுவாரா? பூட்டுவார், இந்த மனுஷன் பூட்டுவார். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்றார்கள். அப்படியானால் வழியில். எந்த வழியில்? மாத்திரை அட்டையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். எங்கே போவது என்று தெரியவில்லை. கால்கள் மரத்தடி வரைக்கும்தான் போயின. அந்தக் காலி இடத்தின் நடுவில் நின்றேன்.

கேட்டரிங் பாத்திரங்கள் ஏற்றிய ஒரு டெம்போ வந்து ஹார்ன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டி, "ஹட்டியே மேடம், காடி லகானா ஹை" என்றான், நகருங்கள், வண்டி நிறுத்த வேண்டும் என்று. நான் நகரவில்லை. "மேரி காடி ஆ ரஹி ஹை" என்றேன். என் வண்டி வருகிறது என்று. அவன் கொஞ்ச நேரம் பொறுத்தான். மறுபடி அடித்தான். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, தமிழில் கத்தினேன். இந்த இடத்தை இவனுக்கு விட்டால் அவர் வர மாட்டார் என்று தோன்றிவிட்டது. முட்டாள்தனம்தான். ஆனால் அந்த வெயிலில் என்னிடம் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்கவில்லை. டெம்போக்காரன் பயந்துபோய் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனான்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. தெருவின் அந்தக் கோடியிலிருந்து அவர் நடந்து வந்தார். கையில் ஒரு துணிப்பை, அதிலிருந்து முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலில் முகம் சிவந்திருந்தது. முகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் திருட்டுச் சந்தோஷம்.

"மாட்டுங்கா மார்க்கெட் வரைக்கும் போனேன். பொட்டாட்டம், அடம் பிடிக்காம ஸ்டார்ட் ஆச்சு, ரெண்டு வாட்டியும். இந்தத் தெருவுக்குள்ள ஒரு டெம்போ மறிச்சுக்கிட்டு நின்னான், சரின்னு மைதானத்துல போட்டுட்டு நடந்தே வந்துட்டேன்." அப்போதுதான் என்னை நன்றாகப் பார்த்தார். "ஏன் ரோட்டுல நிக்க?"

கை நீட்டி அவர் கையைப் பிடித்தேன்.

அவர் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, பழக்கத்தில் மணிக்கட்டைத் திருப்பி, நாடி பார்க்க வாகாக என் பக்கம் நீட்டினார். தெரு நடுவில், நான் சொல்லாமலே, எண்ணி முடிக்கும் வரை அசையாமல் நிற்கத் தயாராக நின்றார்.

நான் எண்ணவில்லை. அந்தக் கையை அப்படியே கீழே இறக்கி, விரல்களைக் கோத்துக்கொண்டு, "வாங்க, வெயிலா இருக்கு" என்றேன்.